வட்டியில் வாழ்ந்த குடாநாடு: ஒத்திக் காணியிலிருந்து கம்பனிக் கடன்முறி வரை

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழியை அறியாதவர் குடாநாட்டில் இருக்க முடியாது. அரச உத்தியோகத்தின் மீதான மோகத்தைக் கேலி செய்வதாகவே இதைப் பலரும் எடுத்துக்கொள்வர். உண்மையில் இது ஒரு முதலீட்டுக் கொள்கை. கோறணமேந்து தருவது சம்பளம் மட்டுமன்று. உழைப்பு ஓய்ந்த பின்னரும் மாதம் தவறாது வரும் பென்சன் அதன் பின்னால் இருக்கிறது. மழையை நம்பிய மண்ணில், ஆறில்லாத ஊரில் வாழ்ந்த மக்கள், ஏற்ற இறக்கமில்லாத ஒரு வருமானத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தார்கள் என்பதையே அந்தப் பழமொழி சொல்கிறது.

அந்த நிலையான வருமானத்தைத் தேடும் ஆசை இன்று புதியதொரு வாசலில் வந்து நிற்கிறது. கம்பனிகள் வெளியிடும் கடன்முறிகளையும் தொகுதிக்கடன்களையும் வாங்கி வைத்திருக்கும் நிதியங்கள், வங்கி வைப்பைவிடக் கூடிய வருமானம் தருவதாக அறிமுகப்படுத்தப்படுகின்றன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பெற்றோருக்கு இவற்றைச் சிபாரிசு செய்கிறார்கள். அண்மையில் என்னுடன் பத்திரிகையில் பணியாற்றிய இளையவர் ஒருவர், ஓய்வு பெற்றுக் கையில் கிடைத்த ஊழியர் சேமலாப நிதியை வைத்துக்கொண்டு, "அண்ணை, இதை எங்கை போடுறது? வங்கியோ, இந்த நிதியமோ?" என்று கேட்டார். பத்திரிகையாளனுக்குப் பென்சன் இல்லை என்பதை வாசகர்கள் அறிவர். அந்தத் தொகை கரைந்தால் அவருக்கு வேறொன்றும் இல்லை. ஆகவே அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாகவும், எங்கள் குடாநாட்டின் வரலாற்றுடன் சேர்த்தும் இங்கு எழுதுகிறேன்.

ஒத்தி என்னும் முதல் முறி

யாழ்ப்பாணத்தவரின் மிகப் பழைய வருமான முதலீடு ஒத்தி. ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பின்னர் ஆங்கிலேயர் 1806 இல் சட்டமாக ஏற்றுக்கொண்ட தேசவழமையில் ஒத்திக்குத் தனியிடம் உண்டு. பணம் தேவைப்பட்டவர் தன் காணியைப் பணமுள்ளவரிடம் ஒத்திக்கு விடுவார். பணம் கொடுத்தவர் வட்டி வாங்குவதில்லை. அதற்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை அனுபவிப்பார். கடன் திருப்பிக் கொடுக்கப்படும் நாளில் காணி உரியவரிடம் மீளும்.

இதனை இன்றைய நிதிமொழியில் சொன்னால், ஈடு வைக்கப்பட்ட ஒரு கடன்முறி. வருமானம் விளைச்சலுக்கேற்பக் கூடும், குறையும். ஆனால் முதலுக்கு ஈடாக நிற்கும் காணி கண்ணெதிரே கிடக்கும். கடன் வாங்கியவர் யார், அவர் ஊரில் எப்படிப்பட்டவர், காணியில் கிணறு உண்டா, உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்பதெல்லாம் கொடுத்தவருக்குத் தெரியும். ஒத்தி பிடித்தவர் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தே பணத்தைக் கொடுத்தார். கடனாளி யார்? முதல் எப்போது திரும்பும்? அவர் கொடுக்காவிட்டால் பின்னால் நிற்பது எது? இந்த மூன்று கேள்விகளையும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் வந்த ஒவ்வொரு முதலீட்டையும் இவற்றைக் கொண்டே நிறுத்துப் பார்க்கலாம்.

மலாயாக் காசு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து குடாநாட்டு இளைஞர்கள் மலாயாவுக்குப் போனார்கள். மிஷன் பாடசாலைகள் கொடுத்த ஆங்கிலம் அவர்களை றெயில்வேயிலும் கந்தோர்களிலும் அமர்த்தியது. 1906 ஆம் ஆண்டில் மலாய டொலரின் பெறுமதி இரண்டு சிலிங் நான்கு பென்சாக நிர்ணயிக்கப்பட்டது. அக்காலத்தில் இலங்கை ரூபாவின் பெறுமதி ஒரு சிலிங் நான்கு பென்ஸ். அதாவது ஒரு டொலருக்கு ஒன்றே முக்கால் ரூபா. மாதம் 20 டொலர் ஊருக்கு அனுப்பியவரின் வீட்டுக்கு 35 ரூபா வந்து சேர்ந்தது. அந்தக் காசு கல்வீடாகவும், தோட்டக் காணியாகவும், கோயில் திருப்பணியாகவும், சீதனமாகவும் மாறியது. உழைத்து ஓய்ந்தவர்கள் 'மலாயன் பென்சனியர்' என்ற மரியாதையுடன் ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய வருமானத்துக்குக் கடனாளி ஓர் அரசாங்கம். அந்த அரசாங்கம் கடல் கடந்து இருந்தபோதிலும் மாதப் பணம் வந்தது. குடாநாட்டு மனத்தில் 'பாதுகாப்பான வருமானம்' என்பதன் இலக்கணத்தை வகுத்தவர்கள் இவர்களே.

அதேவேளை, தனியார் கடனின் ஆபத்தையும் இந்நாடு அக்காலத்திலேயே கண்டது. 1884 இல் ஓரியன்டல் வங்கி நொடித்தபோது அதன் நோட்டுகள் செல்லாக் காசாகும் நிலை வந்தது. ஆளுநர் ஆதர் கோர்டன் அரசின் பொறுப்பில் அந்த நோட்டுகளுக்கு உத்தரவாதம் அளித்த பின்னரே பதற்றம் அடங்கியது. அதன் விளைவாக இலங்கையில் நாணயத் தாள் வெளியிடும் பொறுப்பை அரசே ஏற்றது. 1925 இல் கொழும்பில் பெரும் செட்டியார் நிறுவனம் ஒன்று முறிந்ததும், ஆங்கிலேய வங்கிகள் செட்டியார்களுக்குக் கடன் கொடுப்பதைச் சுருக்கிக்கொண்டன. அதனால் உள்நாட்டவருக்கு ஏற்பட்ட கடன் பஞ்சமே 1934 இல் வங்கி ஆணைக்குழுவுக்கும், 1939 இல் இலங்கை வங்கியின் பிறப்புக்கும் வழிவகுத்தது.

குடாநாட்டுக்கு இன்னொரு வழியும் வாய்த்தது. 1911 ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்துக்குப் பின்னர் ஊர்தோறும் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றின. கடன் வாங்குபவரும் சேமிப்பவரும் ஒரே ஊரவர். ஒருவர் கொடுக்கத் தவறினால் அனைவரும் பொறுப்பு. ஒத்தியைப் போலவே இதிலும் கடனாளியின் முகம் தெரிந்தது. 1961 இல் மக்கள் வங்கி உருவாக்கப்பட்டபோது கூட்டுறவு வங்கி முறை அதனுள் உள்வாங்கப்பட்டது. அதன் பின்னர் ஊர்க்காசு கொழும்புத் தலைமைக் கந்தோரின் கணக்காயிற்று. தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கியும் இலங்கைச் சேமிப்பு வங்கியும் இணைந்து 1972 இல் தேசிய சேமிப்பு வங்கி ஆனதும், இளைப்பாறிய ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் 'வைப்பு வட்டி' என்பது பென்சனுக்கு அடுத்த ஊன்றுகோலாயிற்று.

போர் கற்பித்த பாடம்

1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணம் அரசின் கட்டுப்பாட்டில் இருக்கவில்லை. ஆயினும் அரச ஊழியர் சம்பளமும் பென்சனும் பிந்தியேனும் வந்துகொண்டிருந்தன. மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை, பாதை இல்லை. பென்சன் மட்டும் இருந்தது. பழமொழி சொன்னது அக்காலத்தில் மெய்யாயிற்று.

மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். 1994 இல் தொடங்கப்பட்ட தமிழீழ வைப்பகத்தில் பணம் வைப்பிலிட்டவர்களும், நகையை அடைவு வைத்தவர்களும் ஏராளம். 2009 இல் அந்த நிறுவனம் அது சார்ந்திருந்த கட்டமைப்புடனேயே மறைந்தது. வைப்பாளருக்குக் கணக்குக் கேட்க ஓரிடமும் எஞ்சவில்லை. போரின் இறுதிக்கட்டத்தில் எடுக்கப்பட்ட தங்க, வெள்ளிப் பொருட்களை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது 2025 மே மாதத்தில்தான். இடையில் பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன. வட்டிவீதம் எவ்வளவு என்பதைவிட, கடனாளி இறுதிவரை நிலைத்து நிற்பானா என்பதே பெரிய கேள்வி என்பதை வன்னியிலும் குடாநாட்டிலும் இருந்த சாதாரண மக்கள் இவ்வாறு கற்றார்கள்.

ஏ9 பாதை திறந்த பின்னர் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் நிறுவனங்களும் யாழ்ப்பாணத்துக்கு வரிசையாக வந்தன. கொழும்புப் பங்குச் சந்தையும் இங்கு ஒரு கிளையைத் திறந்தது. வங்கியைவிட இரண்டு மூன்று வீதம் கூடுதலாக வட்டி தரும் நிதிக் கம்பனிகள் ஓய்வுபெற்றோரைக் கவர்ந்தன. அந்த இரண்டு மூன்று வீதம் ஏன் கூடுதலாகக் கிடைக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. தெற்கில் அதற்கான விடை முன்னரே கிடைத்திருந்தது. 2008 இன் இறுதியில் கோல்டன் கீ கிரெடிட் கார்ட் கம்பனி சரிந்தபோது ஏறத்தாழ 2,600 கோடி ரூபா வைப்பு அதனுள் அகப்பட்டது. வைப்புப் பெற மத்திய வங்கியின் அனுமதியே இல்லாத நிறுவனம் அது. அதே குழுமத்தைச் சேர்ந்த, 1940 இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் 'தி ஃபினான்ஸ் கம்பனி' அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவேயில்லை. 2020 மே மாதத்தில் மத்திய வங்கி அதன் உரிமத்தை இரத்துச் செய்தது. 2010 இல் ஆரம்பிக்கப்பட்ட வைப்புக் காப்புறுதித் திட்டத்தின்கீழ் அதன் வைப்பாளர் ஒருவருக்கு 6 இலட்சம் ரூபா வரை இழப்பீடு கிடைத்தது. 2021 இல் அந்த உச்சவரம்பு 11 இலட்சமாக உயர்த்தப்பட்டது.

கடன்முறி நிதியம் எப்படி இயங்குகிறது?

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். ஒரு கம்பனி ஐந்து வருடத்துக்கு 12 வீத வட்டியில் 100 ரூபாவுக்கு ஒரு தொகுதிக்கடனை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நேரடியாக வாங்குபவருக்கு வருடம் 12 ரூபா வட்டி. கம்பனி நிலைத்திருந்தால் ஐந்தாம் வருட முடிவில் 100 ரூபா முதல். வாங்கிய மறுநாளே நாட்டின் வட்டிவீதம் 24 ஆக ஏறினால் என்ன நடக்கும்? புதிய முறி 24 ரூபா தரும்போது பழைய 12 ரூபா முறியை யாரும் 100 ரூபாவுக்கு வாங்கமாட்டார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் அதன் சந்தை விலை சுமார் 67 ரூபாவாக இறங்கும். முதிர்வுக்கு ஒரு வருடமே எஞ்சிய முறியாயின் வீழ்ச்சி சுமார் 90 ரூபாவுடன் நின்றுவிடும். வட்டிவீதம் ஏறினால் முறியின் விலை இறங்கும், வட்டிவீதம் இறங்கினால் விலை ஏறும், முதிர்வு தூரமாக இருந்தால் ஆட்டம் அதிகம் என்பதே இதன் விதி.

முறியைத் தானே வைத்திருப்பவர் 67 ரூபாவைப் பார்த்துக் கலங்காமல் முதிர்வு வரை காத்திருக்கலாம். நிதியத்தில் அலகு வாங்கியவருக்கு அந்த நாள் இல்லை. நிதியம் பல முறிகளை வைத்திருக்கும்; ஒன்று முதிர்ந்தால் இன்னொன்றை வாங்கும்; நிதியத்துக்கென்று ஒரு முதிர்வு நாள் கிடையாது. அலகின் விலை தினமும் மாறும். மருத்துவச் செலவுக்காக அவசரமாக விற்க வேண்டி வந்தால் அன்றைய விலைதான். மூன்று கேள்விகளில் இரண்டாவதான 'முதல் எப்போது திரும்பும்' என்பதற்கு நிதியத்திடம் விடையில்லை.

மாறாக நிதியத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. ஒரு கம்பனி முறிந்தால் அதன் முறியை மட்டும் வாங்கியவர் முழுவதையும் இழப்பார். இருபது கம்பனிகளின் முறிகளை வைத்திருக்கும் நிதியத்தில் இழப்பு ஒரு பங்கே. ஆனால் இலங்கையில் இந்த நன்மையைச் சற்று நிதானமாகவே மதிப்பிட வேண்டும். இங்கு பங்குச் சந்தையில் பட்டியலிடப்படும் தொகுதிக்கடன்களில் பெரும்பகுதி வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் வெளியிடுபவை. 2013 இல் தொகுதிக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை வழங்கப்பட்டபோது வந்து குவிந்தவற்றுள்ளும் அவையே அதிகம். பத்து நிறுவனங்களில் பணத்தைப் பரப்பினோம் என்று எண்ணுபவர் உண்மையில் ஒரே துறையில்தான் நிற்கிறார். அத்துடன், வங்கிகள் வெளியிடும் தொகுதிக்கடன்களில் பல 'பின்னிலைப்படுத்தப்பட்டவை'. வங்கி முறிந்தால் வைப்பாளருக்குக் கொடுத்த பின்னரே முறியாளரின் முறை வரும். சில முறிகள் வங்கி நெருக்கடிக்குள்ளானால் பங்குகளாக மாற்றப்படும் நிபந்தனையுடன் வெளியிடப்படுகின்றன. வைப்புக்கு 11 இலட்சம் வரை காப்புறுதி உண்டு. தொகுதிக்கடனுக்கும் நிதிய அலகுக்கும் அது இல்லை. அதே வங்கிக்கு வைப்பாளராகக் கடன் கொடுப்பதற்கும், முறியாளராகக் கடன் கொடுப்பதற்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்துக்கான விலையே அந்தக் கூடுதல் வட்டி.

சந்தை உறைந்தபோது

கடல் கடந்து தமிழகத்தவரும் பணம் போட்டிருந்த ஓர் உதாரணம் உண்டு. இந்தியாவில் பிராங்ளின் டெம்பிள்டன் நிறுவனம் 2020 ஏப்ரல் 23 ஆம் திகதி ஆறு கடன் நிதியங்களை மூடுவதாக அறிவித்தது. அவற்றில் இருந்தது ஏறத்தாழ 25,000 கோடி இந்திய ரூபா. தரம் குறைந்த, ஆனால் கூடுதல் வட்டி தரும் கம்பனி முறிகளை அவை பெருமளவில் வைத்திருந்தன. கொவிட் முடக்கத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்டபோது, அந்த முறிகளை வாங்க ஆளில்லை. மாத வருமானத்துக்கென்று அவற்றை நம்பியிருந்த ஓய்வுபெற்றோர் பலர் நிர்க்கதியாயினர். வழக்கு உயர் நீதிமன்றங்களைக் கடந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021 முதல் பணம் தவணை தவணையாகத் திரும்பியது. முடிவில் மூடிய நாளின் பெறுமதியைவிடக் கூடுதலாகவே முதலீட்டாளருக்குக் கிடைத்தது. அங்கே முதல் அழியவில்லை. ஆனால் எழுபது வயதுக்காரருக்கு இந்த மாத மருந்துச் செலவு இந்த மாதமே வேண்டும். அடுத்த ஆண்டு வரும் பணம் அதற்கு உதவாது.

2022 ஆம் ஆண்டு நமக்கு வேறொரு பாடத்தைக் கொண்டுவந்தது. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டிவீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாட்களில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. ஆண்டிறுதிக்குள் திறைசேரி உண்டியல் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. நீண்டகால முறிகளை வைத்திருந்தவர்களின் சந்தைப் பெறுமதி மேலே சொன்ன கணக்கின்படியே சரிந்தது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வட்டி ஏறிய அதே ஆண்டில் அங்குள்ள முறிச் சுட்டெண்கள் பத்து வீதத்துக்கு மேல் வீழ்ந்தன. 'முறி என்றால் பாதுகாப்பு' என்று நம்பிய ரொறன்ரோத் தமிழரும் அதைக் கண்டனர்.

இதைச் சொல்லிவிட்டு, வைப்பில் வைத்திருந்தவர் தப்பினார் என்று முடித்துவிட முடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். முந்திய ஆண்டில் 10,000 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களுக்கு ஏறத்தாழ 17,000 ரூபா தேவைப்பட்டது. மூத்த பிரசைகளுக்கு 15 இலட்சம் ரூபா வரையான வைப்புக்கு வழங்கப்பட்ட 15 வீத விசேட வட்டியும் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. மாதம் 18,750 ரூபா வந்துகொண்டிருந்த வீடுகளில், அரிசி விலை ஏறிய அதே காலத்தில் வருமானம் இறங்கியது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கி வைப்புகள் தொடப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதியின் முறிகள் தொடப்பட்டன. 2025 வரை 12 வீதமும் அதன் பின்னர் 9 வீதமும் தரும் புதிய முறிகளுக்கு அவை மாற்றப்பட்டன. நண்பரின் கையில் இருக்கும் பணம் அந்த நிதியிலிருந்து வந்ததுதான். கோறணமேந்தும் ஒரு கடனாளியே என்பதைப் பழமொழி சொல்லவில்லை.

என் தீர்ப்பு

நண்பருக்கு நான் சொன்னது இது. முதலில் இரண்டு வருட வீட்டுச் செலவைக் கணக்கிட்டு, அதைத் திறைசேரி உண்டியலிலும் அரச வங்கி வைப்பிலும் மட்டும் வைக்கவும். வைப்புகளை ஒரே நிறுவனத்தில் குவிக்காமல், ஒவ்வொன்றிலும் காப்புறுதி வரம்புக்குள் வைக்கவும். வைப்புகள் எல்லாம் ஒரே மாதத்தில் முதிராதபடி, மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் படிக்கட்டுப்போல் அமைத்தால், வட்டி ஏறினாலும் இறங்கினாலும் ஒரு பகுதியே அகப்படும்.

அதற்கு மேல் ஐந்து வருடம் தொடத் தேவையில்லாத பணம் எஞ்சினால், அதில் ஒரு பகுதியைக் கடன்முறி நிதியத்தில் இடுவதில் தவறில்லை. வட்டிவீதம் உச்சத்தில் இருக்கும்போது நுழைந்தவர், அது இறங்கும்போது விலையேற்றத்தையும் சேர்த்துப் பெறுவார். 2022 இன் இறுதியிலிருந்து 2023 வரை அதுவே நடந்தது. 2025 இல் உண்டியல் வட்டி 8 வீதமளவுக்கு இறங்கிய பின்னர் நுழைபவருக்கு அந்த வாய்ப்புக் குறைவு. வட்டி மீண்டும் ஏறினால் இழப்பே மிஞ்சும். கடந்த வருட இலாபத்தைக் காட்டும் விளம்பரம் இந்த வேறுபாட்டைச் சொல்லாது.

நிதியத்தில் நுழையுமுன் அதன் அறிக்கையைக் கேட்டு வாங்கி மூன்றைப் பார்க்க வேண்டும். எந்தெந்தக் கம்பனிகளின் முறிகள் இருக்கின்றன, அவற்றின் தரப்படுத்தல் என்ன? சராசரி முதிர்வு எத்தனை வருடம்? மாதந்தோறும் தரும் பணம் உண்மையில் ஈட்டிய வட்டியா, அல்லது உங்கள் முதலிலிருந்தே எடுத்துத் தருவதா? மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். மகளின் திருமணத்துக்கோ சத்திரசிகிச்சைக்கோ வைத்திருக்கும் பணத்தை எந்த நிதியத்திலும் இடவேண்டாம்.

ஒத்தி பிடித்த எங்கள் பாட்டன்மார் நிதியியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் காணியை நடந்து பார்க்காமல், கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்காமல் அவர்கள் காசைக் கொடுத்ததில்லை. இன்றைய முறி நிதியத்தின் கிணறு அதன் அறிக்கையின் உட்பக்கங்களில் இருக்கிறது. நண்பர் அதைத் தமிழில் கேட்டு வாங்குவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். முதலீட்டாளருக்குப் புரியும் மொழியில் அந்த அறிக்கையைக் கொடுப்பது நிதியங்களின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது நமது உரிமை.